கண்ணைப் பற்றிக் கேட்காமல் விட்டது

"அண்ணை, எந்தச் சிவப்புப் புள்ளி நல்லது?"

பட்டறைக்குப் புதிதாக வருகிற நீங்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தாலும் தொலைபேசியில் விடுகிறீர்களா? சின்னப் புள்ளியா பெரிய புள்ளியா, குழாயா திறந்த கண்ணாடியா, திருகாணியை எவ்வளவு இறுக்குவது என்று ஒரே கேள்வி. இவ்வளவும் பெட்டிக்குள் வருகிற புத்தகத்தில் இருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு நான் எதற்கு? அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் விட்ட பிழை என்பதால் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவரும் சாகாமல் முடிந்த பிழை. அதனால்தான் சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிறது.

நேற்று வந்து சேர்ந்தவருக்காக ஒரு வார்த்தை. சிவப்புப் புள்ளி என்பது துவக்கின் மேல் பூட்டுகிற ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். உள்ளே பார்த்தால் ஒரு சிவப்பு ஒளிப்புள்ளி தெரியும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் புள்ளியை இலக்கின் மேல் வைத்தால் போதும். பழைய துவக்கில் பின்னால் இருக்கும் வெட்டு, முன்னால் இருக்கும் முனை, தூரத்தில் இருக்கும் இலக்கு மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டு வர வேண்டும். வயது போன கண்ணுக்கு அது ஏலாது. அதனால் தொண்ணூறுகளில், ஓடும் காட்டுப்பன்றியைச் சுடப் போகிற வயதான வேட்டைக்காரர்கள் இந்தக் குழாயைத் தேடி எங்கள் கடைக்கு வரத் தொடங்கினார்கள்.

கடை இருந்தது ஜேர்மனியில், எசன் நகரத்துக்குத் தெற்கே, தொழிற்சாலைகள் முடிந்து மலையும் காடும் தொடங்குகிற ஒரு சிறிய ஊரில். அதன் முதலாளி என் வயதுப் பெண். தகப்பனிடமிருந்து தொழிலையும் கடையையும் எடுத்தவர். எல்லோரும் அவரை ஷெஃபின் என்போம், முதலாளியம்மா என்று அர்த்தம். நான் யாழ்ப்பாணத்தில் கடைசல் பட்டறையில் வேலை செய்தவன். என் கையில் ஒரு அரத்தைத் தந்து, பத்து நிமிடம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வாருங்கள் என்று சொன்னவர் அவர். வீட்டில் மனைவி தவத்திடம் சொன்னபோது அவள் தலையில் கை வைத்தாள். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீங்கள் துவக்குக் கடையிலையே வேலைக்குப் போறியள்?" சம்பளம் வந்த பிறகு அவள் அந்தக் கேள்வியை விட்டுவிட்டாள்.

ஷெஃபின் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "துவக்கைக் குடுக்கிறது சுகம். குடுக்காமல் வைச்சிருக்கிறதுதான் தொழில்." (டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொன்னதை எல்லாம் எங்கள் தமிழில்தான் எழுதுகிறேன். வேறு மாதிரி எனக்கு வராது.) தொடக்கத்தில் ஒருமுறை, கழுத்துக் குட்டையான ஒருவருக்குக் குழாயை உயரமாகப் பூட்டிவிட்டேன். அவர் நாடியைத் தூக்கித் தூக்கிப் புள்ளியைத் தேடினார். ஷெஃபின் அதைக் கழற்ற வைத்து, அந்த மனிதரைக் கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் வைக்கச் சொன்னார். பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னார். திறந்தவுடன் புள்ளி அங்கே இருக்க வேண்டும், தேடக் கூடாது. துவக்கை அளக்கிறதுக்கு முதல் ஆளை அள என்று அன்று படித்தேன். படித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனித்தான் கதை. ஒரு கார்த்திகை மாதம், வியாழக்கிழமை. கடைக் கதவைத் திறந்துகொண்டு முத்திரை ஐயா வந்தார்.

அவருடைய உண்மைப் பெயர் உங்களுக்குத் தேவையில்லை. எங்கள் பகுதியில் வெளிநாட்டவருக்கான அலுவலகத்தில் வேலை செய்து, அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். எங்கள் விசாத் தாளில் முத்திரை குத்துகிறவர் என்பதால் தமிழர்கள் வைத்த பெயர் முத்திரை ஐயா. ஏழு வருடம் நான் அவருடைய மேசைக்கு முன்னால் இருந்திருக்கிறேன். சில காலம் ஆறு மாதத்துக்கு ஒரு டெர்மின் (அலுவலகத்துக்கு வரச் சொல்லித் தருகிற நாள்), சில காலம் மூன்று மாதத்துக்கு ஒன்று. அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன். எந்த நாளும் என் கோப்பைப் புரட்டிவிட்டு, "ஒரு பேப்பர் குறையுது" என்பார். கத்த மாட்டார், கேலி செய்ய மாட்டார். கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் டெர்மினுக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது.

கடைசியில் நிரந்தர விசா தந்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு நாலைந்து வருடமாகக் காணவில்லை. இப்போது பச்சை உடுப்போடு, கையில் துவக்குப் பையோடு, என் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் என்னைக் கண்டு சந்தோஷப்பட்டார். மனைவி சுகமா என்று கேட்டார். சனிக்கிழமை பெரிய வேட்டை, அதற்குள் சிவப்புப் புள்ளி ஒன்று பூட்டித் தர முடியுமா என்றார்.

ஷெஃபின் அன்று வெளியூர் போயிருந்தார். நான் இரண்டு குழாய்களை எடுத்து வைத்தேன். ஒன்றை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு முத்திரை ஐயா கேட்டார்.

"இந்தப் புள்ளி இப்பிடிச் சிதறினமாதிரித்தான் இருக்குமோ?"

நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கு வட்டமாக, அச்சுக் குத்தியது போலத் தெரிந்தது. அந்த இடத்தில் எந்த ஆளாக இருந்தாலும் நான் கேட்டிருப்பேன், உங்கள் கண் எப்படி, கடைசியாக எப்போது கண் வைத்தியரிடம் போனீர்கள் என்று. அன்றைக்கு வாயில் கொழுக்கட்டை. "வெளிச்சம் கூடிப் போச்சு, குறைச்சு விடுறன்" என்று ஒளியைக் குறைத்துக் கொடுத்தேன். "இப்ப பரவாயில்லை" என்றார். உண்மையில் பரவாயில்லையா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

பூட்டிய பிறகு பின்பக்கச் சுடுதளத்துக்குப் போனோம். முதலில் நான் ஐந்து வெடி வைத்தேன். ஐந்து ஓட்டையையும் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடலாம். பிறகு அவர் மூன்று வைத்தார். ஒன்று தாளின் மேல் விளிம்பில், ஒன்று இடப்பக்க மூலையில். மூன்றாவது தாளிலேயே இல்லை.

"புதுசுதானே. பழகினால் சரி வரும்," என்றார்.

"ஓம், ஓம்," என்றேன் நான், டொச்சில்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நான் சுட்ட தாளை அவருடைய கோப்பில் வைத்தேன். அவர் சுட்ட தாளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். அவர் போனதும், ஒரு டெர்மின் முடிந்து வெளியில் வருகிற மாதிரி மூச்சு விட்டேன். என் முழுத் தொழிலிலும் நான் வெட்கப்படுகிற நேரம் அதுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை, தவத்தின் தம்பி நேசன் எசனிலிருந்து வந்தான், கையில் ரப்பர்ச் சப்பாத்தோடு. இன்னும் மூன்று பொடியள் காலையில் வருவார்களாம். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"நாளைக்கு உங்கடை பக்கத்துக் காட்டிலை பெரிய வேட்டை அத்தான். பன்றி கலைக்க ஆக்கள் வேணுமாம். பற்றைக்குள்ளாலை கத்திக்கொண்டு போக வேண்டியதுதான். மத்தியானம் சூப்பும் உண்டு."

தவம் சிரித்தாள். "இஞ்சை இவன் கத்திற கத்துக்குப் பன்றி என்ன, மரமும் ஓடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கலைக்கிறவர்கள் பற்றைக்குள்ளால் வருவார்கள். காட்டின் ஓரத்தில் துவக்கோடு நிற்கிறவர்களில் முத்திரை ஐயாவும் ஒருவர். அவருக்குப் புள்ளி சிதறித் தெரிகிறது. அந்தத் துவக்கைப் பூட்டி, சரி என்று கொடுத்தவன் நான். தட்டில் இருந்த சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு முத்திரை ஐயா வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் ஏற்கெனவே காட்டு விடுதிக்குப் போய்விட்டார் என்று அவருடைய மனைவி சொன்னார். அங்கே தொலைபேசி இல்லை.

பிறகு ஷெஃபினுக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், குப்பைக் கூடை உட்பட.

"கண்ணைப் பற்றிக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"ஏன்?"

"அவர் அந்த அலுவலகத்து மனுசன். எனக்கு விசா தந்தவர்."

"அவர் ஜனாதிபதியாய் இருந்தாலும் எனக்கென்ன? வேட்டைத் தலைவர் வீட்டுக்கு நான் இப்ப போன் அடிச்சு, நீங்கள் வராமல் தொடங்க வேண்டாம் எண்டு சொல்லுறன். வேறை ஒண்டும் சொல்ல மாட்டன். கருவி பிழையோ கண் பிழையோ எண்டு உங்களுக்கே இன்னும் தெரியாது. தெரியாமல் ஒரு மனுசனைக் குருடன் எண்டு சொல்ல ஏலாது. காலமை போய்ச் சோதியுங்கோ. கண்தான் பிழையெண்டால் துவக்கு பெட்டிக்குள்ளை போக வேணும். பூட்டினது நீங்கள், கேக்க வேண்டியதும் நீங்கள்."

நேசனைப் போகாதே என்று மறித்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். தவம்தான் கேட்டாள், "அப்ப மற்ற மூண்டு பொடியளும்?" அதற்குப் பிறகு அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

காலையில் புல்லெல்லாம் உறைபனி. காட்டு வெளியில் கார்கள் வரிசையாக நின்றன. ஒரு பக்கம் பச்சை உடுப்புக்காரர்கள், மறுபக்கம் செம்மஞ்சள் மேலங்கியோடு கலைக்கிறவர்கள். அதில் எங்கள் நாலு பேரும் கைகளை ஊதிக்கொண்டு நின்றார்கள். வேட்டைத் தலைவர் என்னைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பத்து நிமிடம் என்றார். முத்திரை ஐயா தன் காருக்குப் பக்கத்தில் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார். நான் அவரை நோக்கி நடக்கும்போது என் கை தானாகவே உள்பைக்குள் போய் விசாத் தாளைத் தேடியது. அந்தப் பை வெறுமையாக இருந்தது. இனி அவருக்கு எந்தத் தாளும் காட்ட வேண்டியதில்லை என்று அதுதான் எனக்கு ஞாபகப்படுத்தியது.

"நான் பூட்டினதிலை ஒரு பிழை இருக்கலாம். பாக்க வேணும்," என்றேன்.

பொய் இல்லை. பிழை இருந்தது, என்னுடையதுதான். அவர் காருக்குப் பின்பக்கம் வந்தார். துவக்கை நான் தொடவில்லை. வெறுமையாக இருக்கிறது என்று அவரே திறந்து காட்டினார். பூட்டுப் பிடியைத் திருப்பி, குழாயை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"அந்த மரத்தைப் பாருங்கோ. புள்ளி என்ன வடிவம்?"

அவர் குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த இடத்தில் முன்பெல்லாம் நான் அவசரமாக எதையாவது சொல்லி நிரப்பியிருப்பேன். அன்று காத்துக்கொண்டு நின்றேன்.

"வால் ஒண்டு இருக்கு. வலப்பக்கம் கீழை சரிஞ்சு," என்றார்.

"இப்ப குழாயைக் காற்பங்கு திருப்புங்கோ. வாலும் சேர்ந்து திரும்புதோ?"

திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். முழுச் சுற்றும் சுற்றினார்.

"இல்லை. அப்பிடியே நிக்குது."

"கருவி பிழையெண்டால் வாலும் சேர்ந்து திரும்ப வேணும்..." என்று தொடங்கினேன். மிச்சத்தை அவரே சொன்னார்.

"அப்ப பிழை என்னிலை."

கோப்பிக் கோப்பையைக் கார் மேல் வைத்தார். ஒரு வருடமாகத் தெரு விளக்குகளுக்கும் இப்படித்தான் வால் முளைத்திருக்கிறது என்றார். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லையாம். வைத்தியரிடம் போனால் காரோட்டக் கூடாது என்பார், துவக்கை வைத்துவிடு என்பார்.

"ஒரு கையெழுத்திலை எல்லாம் போயிடும். எனக்குத் தெரியாதோ?" என்றார்.

உங்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. ஏழு வருடக் கோபம். அந்தக் கையெழுத்துக்காக எத்தனை இரவு விழித்திருந்தோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். டெர்மினுக்கு முதல் நாள் கண்ணாடியில் நான் பார்த்த முகம் அது. வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"வியாழக்கிழமையே உங்களுக்குத் தெரியும்," என்றார் அவர். "ஏன் கேக்கேல்லை?"

"உங்களிட்டைக் கேள்வி கேட்டு எனக்குப் பழக்கமில்லை."

அவர் துவக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். நேரே வேட்டைத் தலைவரிடம் போய், திறப்பை அவர் கையில் வைத்து, அலுவலகத்தில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற அதே குரலில், எல்லோருக்கும் கேட்க, "என்ரை கண் சரியில்லை. நான் இண்டைக்குச் சுட மாட்டன்," என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு வயதானவர் மட்டும் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முத்திரை ஐயா சுற்றிப் பார்த்தார். வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டார், "மேலங்கி ஒண்டு மிச்சம் இருக்கோ?"

அப்படித்தான் அந்த மனிதர் செம்மஞ்சள் மேலங்கியை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு தடியோடு, நேசனுக்குப் பக்கத்தில் பற்றைக்குள் இறங்கினார்.

ஊதுகுழல் ஊதினார்கள். நான் ஈர மரக்குற்றி ஒன்றில் அப்படியே இருந்துவிட்டேன். மடியில் கனம் இல்லாவிட்டால் வழியில் பயம் இல்லை என்பார்கள். என் மடி அன்று அவ்வளவு லேசாக இருந்தது. அப்போதுதான் பசி தெரிந்தது. தவம் கட்டித் தந்த ரொட்டியும் சம்பலும் காருக்குள் இருந்தது. முதல் நாள் இரவு இறங்காத சோற்றுக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். உள்ளே காட்டில் வெடி கேட்கிற நேரமெல்லாம் வாய் ஒரு கணம் நிற்கும், பிறகு திரும்ப மெல்லும். அந்த வெடிகளில் ஒன்றும் நான் பயந்த துவக்கிலிருந்து வரவில்லை.

மத்தியானம் எல்லோரும் வெளியில் வந்தார்கள். முத்திரை ஐயாவுக்கு இடுப்பு வரை சேறு, தொண்டை அடைத்துப் போயிருந்தது. நேசன் சூப்புக் கோப்பையோடு ஓடி வந்தான்.

"அத்தான், மனுசன் கத்தவே தெரியாமல் 'ஹலோ, ஹலோ' எண்டுகொண்டு வந்தவர். பன்றிக்கு டெர்மின் குடுக்கிறமாதிரி. நாங்கள்தான் 'ஓடு, ஓடு' எண்டு கத்தப் பழக்கினனாங்கள். இப்ப எங்களைவிட நல்லாய்க் கத்துறார்."

திங்கட்கிழமை ஷெஃபினிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. குப்பைக் கூடையை எடுத்து என் மேசையில் வைத்தார். வியாழக்கிழமைத் தாள் இன்னும் அதற்குள் கிடந்தது. நான் அதை எடுத்து, மடிப்பை நீவி, முத்திரை ஐயாவின் கோப்பில் வைத்தேன்.

அதனால் சொல்கிறேன், நல்ல கருவி எது என்று கேட்காதீர்கள். எந்தக் கண்ணுக்கு என்று கேளுங்கள். வருகிறவர் உங்களுக்கு உதவி செய்தவராக இருக்கலாம், நீங்கள் பயந்தவராக இருக்கலாம், உங்கள் சொந்தத் தகப்பனாராகவே இருக்கலாம். குழாயைக் கையில் கொடுத்துச் சுற்றச் சொல்லுங்கள். பதில் வரும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அவர் சுட்ட தாளை ஒருநாளும் எறியாதீர்கள்.

அடுத்த வசந்தத்தில் முத்திரை ஐயா திரும்ப வந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி. கண்ணில் சத்திரசிகிச்சையும் முடிந்திருந்தது. கையில் துவக்குப் பை இல்லை, ஒரு கோப்பு மட்டும். என் மேசைக்கு முன்னால் இருந்த முக்காலியில் நுனியில் இருந்தார், நாங்கள் அவருடைய அலுவலகத்தில் இருந்த மாதிரியே. கண் வைத்தியரின் கடிதம், கண்ணாடிக் கடையின் அளவுத் தாள், சாரதி அனுமதிப் பத்திரத்துக்கான சோதனை முடிவு என்று ஒவ்வொன்றாக எடுத்து எனக்கு நேராகத் திருப்பி வைத்தார். வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டார்.

"ஏதாவது பேப்பர் குறையுதோ?" என்று கேட்டார்.

பின்பக்கத்தில் ஷெஃபினின் அரம் நின்றுவிட்டது. நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்து, முழுவதையும் வாசித்தேன். பிறகு ஏழு வருடம் அவர் வாயிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்டதை அவருக்குச் சொன்னேன்.

"இல்லை. எல்லாம் சரியாய் இருக்கு."